பழைய காருக்குள் மழைத் தண்ணீர் வருவது ஏன்? சிலிக்கான் பூசுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

கோடையில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் கார். ஓட்டிப் பார்த்தபோது எந்தக் குறையும் இல்லை. ஜூன், ஜூலையில் மழை பிடித்ததும் முன் இருக்கையின் காலடியில் ஈரம். மிதியடியைத் தூக்கினால் கீழே கார்பெட் சொதசொதவென்று இருக்கிறது. ஒரு வாரத்தில் கண்ணாடியெல்லாம் உள்பக்கம் பனி படர்கிறது, ஈரத்துணி நாற்றம் வருகிறது.

மெக்கானிக்கிடம் போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "ஒரு டியூப் சிலிக்கான் அடிச்சா நின்னுடும் சார்." சில நாள் நிற்கவும் செய்யும். அடுத்த பெரிய மழையில் மறுபடி வரும்.

உங்களுக்கு முன் அந்தக் காரை வைத்திருந்தவருக்கும் இதே பதில்தான் கிடைத்திருக்கக்கூடும். பழைய கார்களில் தண்ணீர் ஒழுகுவதற்கு வயது மட்டும் காரணமில்லை. ஏற்கெனவே அரைகுறையாகச் செய்யப்பட்ட ரிப்பேர்களும் பல நேரம் காரணமாகின்றன. அதனால், தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று தெரிவதற்கு முன் எதையும் பூசக்கூடாது.

ஒரு மழையில் எவ்வளவு தண்ணீர்?

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ மழை பெய்தால் அது 1 லிட்டர் தண்ணீர். 4 மீட்டருக்குள் நீளம் கொண்ட ஒரு சிறிய காரின் கூரையும் முன் கண்ணாடியும் சேர்ந்து தோராயமாக 3 சதுர மீட்டர் இருக்கும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ முதல் 115.5 மி.மீ வரை பெய்வதை 'கனமழை' என்கிறது. அதன் குறைந்த அளவையே எடுத்துக்கொண்டாலும், அந்த 3 சதுர மீட்டரில் மட்டும் சுமார் 193 லிட்டர் தண்ணீர் விழும். அதில் நூற்றில் ஒரு பங்கு வழிதவறினாலே கிட்டத்தட்ட 2 லிட்டர் கார்பெட்டுக்கு அடியில் போய்ச் சேரும். மும்பை சாந்தாகுரூஸில் 2005 ஜூலை 26 அன்று பதிவானது போன்ற 944 மி.மீ மழை என்றால், கணக்கு 2,800 லிட்டரைத் தாண்டும்.

இவ்வளவு தண்ணீரையும் தடுத்து நிறுத்துவது கடினம். கார் வடிவமைப்பாளர்கள் தண்ணீரைப் பிடித்து, குழாய்களிலும் கால்வாய்களிலும் திருப்பி, கீழே சாலையில் இறக்கிவிடுகிறார்கள். கார் என்பது நாலாபுறமும் அடைத்த டப்பா அல்ல, மழைநீர் வடிகால் உள்ள வீடு மாதிரி. வடிகால் அடைத்துக்கொண்டால் வீட்டுக்குள் தண்ணீர் வருவதுபோலத்தான் இங்கேயும் நடக்கிறது.

முதலில், இது மழைத் தண்ணீர்தானா?

காலடியில் ஈரம் என்றாலே மழை என்று முடிவு செய்ய வேண்டாம். மூன்று வகைத் தண்ணீர் இருக்கிறது.

நிறமும் மணமும் இல்லாத தெளிந்த நீர், அதுவும் மழையே இல்லாத நாளில் ஏசி ஓடிய பிறகு வந்தால், அது ஏசி தண்ணீர். காற்றிலுள்ள ஈரம் ஏசியின் குளிர்ந்த பாகத்தில் படிந்து நீராகி, ஒரு சிறிய ரப்பர் குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்ட வேண்டும். அந்தக் குழாயில் தூசி அடைத்தால் நீர் உள்ளே திரும்பும். நம் ஊர் கார்களில் பெரும்பாலும் இடதுபக்க முன் இருக்கையின் காலடிதான் முதலில் நனையும். புழுக்கமான நாளில் ஏசி போட்டு அரை மணி நேரம் ஓட்டியும் காருக்கு அடியில் ஒரு சொட்டுகூட விழவில்லை என்றால், குழாயைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தொட்டால் பிசுபிசுப்பு, லேசான இனிப்பு வாசனை, பச்சை அல்லது சிவப்பு நிறம் இருந்தால் அது கூலன்ட். டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் ஒழுகுகிறது என்று பொருள். கூலன்ட் விஷத்தன்மை கொண்டது. குழந்தைகளும் செல்லப் பிராணிகளும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஜின் சூடாகும் ஆபத்தும் உண்டு, தள்ளிப்போடக் கூடாது.

கலங்கலான, மண் கலந்த நீர் என்றால் மழை அல்லது சாலைத் தண்ணீர். நின்றிருக்கும் காரில் மழை பெய்த பிறகு வருகிறதா, தேங்கிய நீரில் ஓட்டிய பிறகு மட்டும் வருகிறதா என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். ஓட்டினால் மட்டும் வருகிறது என்றால், தரைத் தகட்டில் உள்ள ரப்பர் அடைப்பான்களில் ஒன்று கழன்றிருக்கலாம், அல்லது தகடு துருப்பிடித்து ஓட்டையாகி இருக்கலாம்.

மழைத் தண்ணீர் வரும் வழக்கமான வழிகள்

வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளம்: முன் கண்ணாடியில் வழியும் நீர் எல்லாம் இங்கே விழுந்து, இரண்டு ஓரங்களிலும் உள்ள துளைகள் வழியாக வெளியேற வேண்டும். வேப்ப மரத்துக்கோ புங்க மரத்துக்கோ அடியில் நிறுத்தும் கார்களில் இலையும் பூவும் மட்கி இந்தத் துளைகளை அடைத்துவிடும். அப்போது பள்ளத்தில் நீர் தேங்கி, உயர்ந்து, ஏசிக்குக் காற்று இழுக்கும் வழியாக உள்ளே இறங்கும்.

கதவுகள்: கதவுக்குள் மழைநீர் போவது இயல்பு. கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கு வழியாக உள்ளே போய், கதவின் அடியில் உள்ள துளைகள் வழியாக வெளியே வரும். அந்த நீர் காருக்குள் வராமல் தடுப்பது, கதவின் உள்பக்கப் பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஒரு பிளாஸ்டிக் தாள். பவர் விண்டோ ரிப்பேர் செய்பவர்களும் ஸ்பீக்கர் மாற்றுபவர்களும் அதைக் கிழித்துவிட்டு, "அது சும்மா ஒரு கவர்தான்" என்று தூக்கிப் போட்டுவிடுவது உண்டு.

சன்ரூஃப்: இதன் ரப்பர் முழுவதுமாக நீரைத் தடுக்க வைக்கப்பட்டதல்ல. உள்ளே நுழையும் நீரை ஒரு தட்டு பிடித்து, பொதுவாக நான்கு மூலைகளிலும் உள்ள மெல்லிய குழாய்கள் வழியாகக் கீழே அனுப்பும். குழாய் அடைத்தாலோ கழன்றாலோ, தண்ணீர் கூரைத் துணியிலும் முன்தூண் ஓரத்திலும் கறையாகத் தெரியும்.

கூரையின் இருபுறமும் உள்ள கறுப்புப் பட்டை: அதற்கு அடியில்தான் கூரைத் தகடும் பக்கத் தகடும் சேரும் இணைப்பு இருக்கிறது. அந்த இணைப்பில் பூசிய சீலன்ட் வெயிலில் காய்ந்து வெடித்தால் நீர் கசியும்.

டிக்கி: பின் விளக்குகளுக்குப் பின்னால் உள்ள கேஸ்கெட், டிக்கி கதவின் ரப்பர் பீடிங், பின் பம்பருக்குள் மறைந்திருக்கும் காற்றுப்போக்கி ஆகிய மூன்றையும் பாருங்கள். பின்னால் இடி வாங்கி டிங்கரிங் செய்த காரில் இந்த மூன்றில் ஒன்றாவது சரியாக உட்காராமல் இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டெப்னி வைக்கும் குழியில் தண்ணீர் நிற்பதுதான் அடையாளம்.

பழைய ரிப்பேர் எப்படிப் புதிய ஒழுகலை உண்டாக்குகிறது?

தண்ணீர் நுழையும் இடமும் அது கண்ணில் படும் இடமும் அநேகமாக ஒன்றாக இருக்காது. கூரையில் நுழைந்த நீர் தூணுக்குள் இறங்கி, ஒயர்களைப் பிடித்துக்கொண்டு ஓடி, பின் சீட்டுக்கு அடியில் வெளிப்படலாம். ஈரம் தெரிந்த இடத்தில் பூசினால், வெளியேறும் வழியைத்தான் அடைக்கிறோம். நுழையும் வழி திறந்தே இருக்கிறது. இடையில் மாட்டிக்கொண்ட நீர் தகரத்தை அரிக்கத் தொடங்கும்.

அவசர ரிப்பேர்களில் அடிக்கடி காணப்படுபவை இவை:

வடிகால் துளையையே அடைப்பது. துரு வராமல் இருக்க அடியில் கறுப்புக் கோட்டிங் அடிக்கும்போது, கதவின் அடித்துளைகளும் சேர்ந்து மூடிப்போவது உண்டு. கதவை ஆட்டினால் உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டால் இதுதான் விஷயம்.

துருவின் மேல் பட்டி பூசி பெயின்ட் அடிப்பது. வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே துரு வளர்ந்துகொண்டே போய், பட்டி ஒரு நாள் பொருக்காக விழும்.

குளியலறைக்குப் போடும் சிலிக்கானைக் காரில் போடுவது. காயும்போது வினிகர் வாசனை வரும் வகை சிலிக்கான் அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். பெயின்ட் உரிந்த தகரத்தில் அது பட்டால் அரிப்பு வேகமெடுக்கும். அதோடு, சிலிக்கான் படிந்த இடத்தில் வேறு பசையோ பெயின்டோ சரியாக ஒட்டாது. அதாவது, மலிவான ஒரு டியூப் அடுத்து வரும் சரியான ரிப்பேரையும் கெடுத்துவிடுகிறது.

முன் கண்ணாடி: தண்ணீரைவிடப் பெரிய பிரச்னை

கல் பட்டு உடைந்து ஒரு முறை முன் கண்ணாடி மாற்றிய கார் என்றால், கூடுதல் கவனம் தேவை. இப்போதைய கார்களில் முன் கண்ணாடி பாலியூரித்தேன் பசையால் உடலோடு ஒட்டப்பட்டிருக்கிறது. பழைய கண்ணாடியை அறுத்து எடுக்கும்போது, அது உட்கார்ந்திருந்த தகர விளிம்பில் கத்தி பட்டுப் பெயின்ட் கீறலாம். கீறலுக்குப் பிரைமர் அடிக்காமல் புதுக் கண்ணாடியை ஒட்டினால், ஓரிரு மழைக்காலத்தில் பசைக்கு அடியில் துரு பரவும். பசை தகரத்தைவிட்டு விலகும், தண்ணீர் வரும்.

இது ஈரக் கார்பெட்டோடு நிற்கும் விஷயமில்லை. இந்தியாவில் 2021 ஏப்ரல் முதல் புதிய மாடல்களிலும், அந்த ஆண்டு இறுதியிலிருந்து ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களிலும், முன் பயணிக்கான ஏர்பேக் கட்டாயமானது. அந்தக் கார்கள்தான் இப்போது பழைய கார் சந்தைக்கு வந்துகொண்டிருக்கின்றன. பல கார்களில் இந்த ஏர்பேக் விரியும்போது முன் கண்ணாடியில் மோதித்தான் பயணியின் பக்கம் திரும்புகிறது. கண்ணாடி உறுதியாக ஒட்டியிருக்கவில்லை என்றால், ஏர்பேக் தாங்க வேண்டிய இடத்தில் தாங்காது. கார் உருண்டால் கூரை நசுங்காமல் இருக்கவும் ஒட்டிய கண்ணாடி உதவுகிறது.

எனவே முன் கண்ணாடியின் ஓரத்தில் வெளியிலிருந்து சிலிக்கான் இழுத்திருப்பதைப் பார்த்தால், உள்ளே பசை விட்டுப்போயிருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியைக் கழற்றி, விளிம்பைச் சுத்தம் செய்து, துருவை நீக்கி, பிரைமர் அடித்து, புதிதாக ஒட்டுவதுதான் தீர்வு. ஒட்டிய பிறகு எவ்வளவு நேரம் கழித்து ஓட்டலாம் என்பதைப் பசையின் உறையில் தயாரிப்பாளர் குறிப்பிட்டிருப்பார். வகையைப் பொறுத்து ஒரு மணி நேரம் முதல் பல மணி நேரம் வரை ஆகலாம். "இப்பவே எடுத்துட்டுப் போலாம்" என்று சொன்னால், உறையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஒழுகலைக் கண்டுபிடிப்பது எப்படி?

இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு ஹோஸ், ஒரு டார்ச், பழைய செய்தித்தாள், கூட ஒரு ஆள் போதும்.

1. மிதியடியையும் முடிந்தால் கார்பெட்டின் ஓரத்தையும் தூக்கி, உள்ளே முழுவதும் துடைத்துக் காயவையுங்கள். ஏற்கெனவே ஈரமாக இருந்தால் புது ஈரம் தெரியாது.

2. சந்தேகப்படும் இடங்களில் செய்தித்தாளைப் பரப்புங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும்.

3. வெளியே ஹோஸை மெதுவாகத் திறந்து, கீழிருந்து மேலே போங்கள். முதலில் கதவின் அடி, பிறகு கண்ணாடி ஓரம், வைப்பர் பள்ளம், கடைசியில் கூரை. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடமாவது. மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்துவிடும், எது காரணம் என்று தெரியாது.

4. வாட்டர் வாஷ் கடையின் அழுத்தக் குழாயைப் பயன்படுத்த வேண்டாம். நல்ல ரப்பரையும் தாண்டி அது நீரைச் செலுத்திவிடும்.

5. ஹோஸில் பிடிபடவில்லை என்றால், எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றி, வெளிக்காற்று வரும் நிலையில் ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். வெளியிலிருந்து இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவுங்கள். குமிழி வரும் இடத்தில் காற்று வெளியேறுகிறது. அங்கே தண்ணீரும் உள்ளே வர முடியும்.

சன்ரூஃப் இருந்தால், அதைத் திறந்து தட்டின் ஒவ்வொரு மூலையிலும் அரை டம்ளர் தண்ணீர் விடுங்கள். சக்கரங்களுக்கு அருகில் அது சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் மெல்லிய நைலான் நரம்பை மெதுவாக உள்ளே விட்டுப் பார்க்கலாம். கம்ப்ரசர் காற்றை அடிக்காதீர்கள், குழாய் உள்ளுக்குள்ளேயே கழன்றுவிடும்.

வழி தெரிந்த பிறகு, சரிசெய்யும் வரிசை

முதல் வேலை, முன்பு பூசியதை முழுவதும் சுரண்டி எடுப்பது. அதன் மேலேயே இன்னொரு பூச்சு வேண்டாம். பிறகு துருவைத் தகரம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, எபாக்சி பிரைமர் அடித்து, வாகனங்களுக்கான பாலியூரித்தேன் பாடி சீலன்ட் போட்டு, மேலே பெயின்ட் அடிக்க வேண்டும். தகரம் ஓட்டையாகியிருந்தால் வெட்டிப் புதுத் தகடு வெல்டிங் செய்ய வேண்டும். பட்டியால் ஓட்டையை அடைக்கக் கூடாது.

கதவின் பிளாஸ்டிக் தாளை பியூட்டைல் டேப்பால் மறுபடி ஒட்ட வேண்டும். செல்லோ டேப் ஒரு வெயிலுக்குத் தாங்காது. காய்ந்த ரப்பர் பீடிங்கை மாற்ற வேண்டும், அதற்குள் சிலிக்கான் திணிப்பது தீர்வல்ல.

உள் பாகங்களைத் திரும்பப் பொருத்துவதற்கு முன், இன்னொரு முறை ஹோஸ் சோதனை. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கார்பெட்டை மேலாகக் காயவைத்தால் போதுமா?

போதாது. கார்பெட்டுக்கு அடியில் உள்ள தடிமனான ஃபோம் ஸ்பாஞ்ச் போல நீரைப் பிடித்துக்கொள்ளும். மேலே கை வைத்தால் காய்ந்ததுபோல் இருக்கும், அடியில் வாரக்கணக்கில் ஈரம் நிற்கும். சீட்டைக் கழற்றி, கார்பெட்டை வெளியே எடுத்து வெயிலில் காயவைப்பதே நம்பகமான வழி.

காரின் முக்கிய ஒயர் கட்டுகள் பல மாடல்களில் கார்பெட்டுக்கு அடியில், கதவு ஓரமாகத்தான் போகின்றன. ஈரத்தில் இணைப்புகள் பச்சை பூத்து, சென்ட்ரல் லாக் தானாக வேலை செய்வது, எச்சரிக்கை விளக்கு எரிவது போன்ற கோளாறுகள் பல மாதம் கழித்து வரும். அப்போது யாரும் அதைப் பழைய ஒழுகலோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்புகள் இருந்தால் அவை ஏர்பேக், சீட் பெல்ட் சம்பந்தப்பட்டவை. நீங்களாகப் பிடுங்க வேண்டாம். அந்த வேலையைத் தெரிந்த ஒர்க்ஷாப்பில் பேட்டரி இணைப்பைத் துண்டித்துத்தான் செய்ய வேண்டும். மின்சார, ஹைப்ரிட் கார்களில் ஆரஞ்சு நிற ஒயர்களைத் தொடவே கூடாது.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

வயதால் தேய்ந்த ரப்பர், துரு ஆகியவற்றுக்குக் கிடைக்காது. தேய்மானம் பாலிசியில் வராது. வெள்ளத்தால் ஏற்பட்ட சேதத்துக்கு, மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமல்லாமல் சொந்தச் சேதத்துக்கும் பாலிசி எடுத்திருந்தால் கோரலாம்.

முன் கண்ணாடி உடைந்து மாற்றும்போது ஒரு விஷயம் உங்களுக்குச் சாதகம். வழக்கமான பாலிசி விதிகளில் கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானக் கழிவு இல்லை. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50% கழிப்பார்கள். எனவே கண்ணாடியைச் சரியான இடத்தில், சரியான பசையோடு மாற்றுவதற்குப் பணம் தடையாக இருக்க வேண்டியதில்லை.

விற்றவர் மறைத்திருந்தால்?

2023 ஏப்ரல் 1 முதல், பதிவான வாகனங்களை வாங்கி விற்கும் டீலர்கள் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரம் பெற வேண்டும். ஆனால், விற்பனையின்போது வாகனத்துக்கு யார் பொறுப்பு என்பதைத் தெளிவாக்கும் விதி இது. கார் நல்ல நிலையில் இருக்கிறது என்பதற்கான சான்றிதழ் அல்ல.

டீலரிடமோ நிறுவனத்திடமோ வாங்கியிருந்தால், 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தனிநபர் ஒருவர் தன் சொந்தக் காரை விற்றிருந்தால், இந்தச் சட்டத்தில் புகார் நிற்பது கடினம். அதனால் வாங்கும்போதே 'வெள்ளத்தில் மூழ்கவில்லை, பெரிய விபத்து ரிப்பேர் இல்லை' என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

எந்தப் புகாருக்கும் ஆதாரம் வேண்டும். ரிப்பேருக்குக் கொடுப்பதற்கு முன், ஈரக் கார்பெட், துரு, பழைய சிலிக்கான் பூச்சு எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். சுரண்டிவிட்டால் முந்தைய ரிப்பேரின் தடயமும் போய்விடும்.

வாங்கும் முன் பத்து நிமிடம்

மிதியடிகளை எடுத்து, கார்பெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஸ்டெப்னியைத் தூக்கி, குழியில் நீர்க்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். வெளியே தெரியாத அந்தப் பகுதியில் சேற்றுக் கறை இருந்தால், கார் வெள்ளத்தில் நின்றிருக்கலாம். சீட்டுக்கு அடியிலுள்ள போல்ட்டுகளில் துரு, பழைய காரில் புத்தம்புது கார்பெட், மூக்கைத் துளைக்கும் சென்ட் ஆகியவையும் கேள்வி கேட்க வேண்டிய அறிகுறிகள்.

கோடையில் வாங்கினால், "ஒரு தடவை வாட்டர் வாஷ் பண்ணிட்டு எடுத்துக்கறேன்" என்று விற்பவரிடம் கேளுங்கள். காரை அரை மணி நேரம் சாதாரண ஹோஸில் நனைத்து, பிறகு உள்ளே பாருங்கள். விற்பவர் அதற்குத் தயங்கினால் விலை பேசுவதை அங்கேயே நிறுத்திவிடலாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? மெக்கானிக்கிடம் மூன்று கேள்விகள்: தண்ணீர் எங்கே நுழைகிறது, காட்ட முடியுமா? என்ன பொருள் போடப்போகிறீர்கள்? பாகங்களை மாட்டுவதற்கு முன் என் கண் முன்னால் தண்ணீர் விட்டுக் காட்டுவீர்களா? மூன்றுக்கும் பதில் கிடைத்தால் சாவியைக் கொடுங்கள். இல்லையென்றால் வேறு ஒர்க்ஷாப்பைத் தேடுங்கள்.